மூன்றாவது பாய்லர்

ஆலையின் புகைக் கணக்கைச் சரிபார்க்க வந்த பெண் அதிகாரி, மார்ச் நான்காம் தேதியில் விரலை வைத்தாள்.

“மூணாவது பாய்லருக்கு இந்த ஒரு நாள் மட்டும் எரிபொருள் அளவு இல்லையே சார். அளவு இல்லைன்னா, நாள் பூரா முழு வேகத்துல எரிஞ்சதாத்தான் எழுதணும். விதி அப்படி.”

அப்படி எழுதினால் கணக்கு, ஆலைக்கு அனுமதித்த புகை வரம்பைத் தாண்டிவிடும். மேலாளர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து அவசரமாக ஒரு பதிவேட்டை உருவினார்.

“இந்தாம்மா, இருக்கு. அன்னைக்கு எட்டு மணியிலிருந்து பத்தரை வரைக்கும்தான் எரிஞ்சுது.”

“அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

நிம்மதியாகப் போட்டார். அவள் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

“அன்னைக்கு அந்த பாய்லர் எரியவே இல்லைன்னு கோர்ட்டுல சத்தியம் பண்ணீங்களே சார். பத்தரைக்கு அது வெடிச்சதுல வெந்து செத்தவரோட பொண்ணு நான்.”