நொரீனின் முதுகுப் பக்கம்

தான் திரும்பினால் பந்து கம்பத்துக்கு வெளியே போய்விடும் என்ற நம்பிக்கையில் நொரீன் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். அமெரிக்கக் கால்பந்து அணியின் உதையாளனான கணவன் ட்ரெண்ட் உதைக்கும்போதெல்லாம் இப்படித்தான். பின்வரிசை முகங்களில்தான் முடிவைப் படிப்பாள். இன்று இதுவரை யாரும் உதைத்திராத தூரம். இரண்டு கம்பங்களுக்கு நடுவே பறந்தால் சாதனை; தவறினால் நாளை அணியில் அவனுக்கு இடமில்லை. “கல்யாணத்தன்னிக்காவது அவன் மூஞ்சியப் பாத்தியாடி?” நாத்தனார் டார்லா சீண்டுகிறாள். உயரமான மலைநகரம் டென்வரின் அடர்த்தி குறைந்த காற்றில் பனித்தூள் மிதக்கிறது. உதையின் சத்தம் நொரீனின் முதுகில் வந்து விழுகிறது. பிறகு எதுவுமே கேட்கவில்லை. ஆயிரமாயிரம் முகங்கள் ஒன்றாக மேலே நிமிர்கின்றன. ஒருவரின் கோப்பையிலிருந்து பியர் அவர் மடியிலேயே வழிகிறது. அவருக்கு அது தெரியவில்லை. சாயங்கால விளக்குகளில் எல்லாக் கண்களும் வெள்ளையாகத் தெரிகின்றன. திறந்த வாய்கள் மூடவில்லை. இந்நேரம் பந்து விழுந்திருக்க வேண்டும். கண்கள் இன்னும் இறங்கவில்லை.

“இன்னும் மேலயே போகுதுடி.” டார்லாவின் குரலில் இப்போது கேலி இல்லை. அவள் விரல்கள் நொரீனின் தோளை இறுக்குகின்றன. “எனக்குப் பயமா இருக்கு. ஒரே ஒரு தடவ திரும்பிப் பாரேன்.”

நொரீன் அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்குகிறாள்.

“நீயே பாரு, டார்லா.”