நீலப் பூட்டு

கலவை இயந்திரத்தின் துடுப்புகளில் பாஸ்பேட் இறுகிவிட்டால் ஆள்தான் உள்ளே இறங்கிச் சுரண்ட வேண்டும். இறங்குகிறவன், யாரும் இயந்திரத்தை ஓட்டிவிடாதபடி தன் பூட்டை சுவிட்சில் மாட்டிவிட்டு இறங்குவான். ஏறி வந்ததும் அவனேதான் அதைக் கழற்ற வேண்டும். தென் துனீசியாவின் அந்த உர ஆலையில் வேறு எதை மீறினாலும் இதை மட்டும் மீறமாட்டார்கள்.

லஸ்ஹரின் தம்பி நவ்ஃபல் ஒரே ஒருமுறை மீறினான். சின்ன வேலைதானே என்று பூட்டாமலே இறங்கிவிட்டான். சுவிட்சில் பூட்டு எதுவும் இல்லாததைப் பார்த்து லஸ்ஹர்தான் பொத்தானை அழுத்தினார்.

அவனுடைய நீலப் பூட்டு வீட்டில் அம்மாவின் பெட்டிக்குள் இருக்கிறது. இன்று காலைகூட அவள் அதைத் துடைத்து உள்ளே வைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் லஸ்ஹர் வேலைக்கு வந்தார்.

இன்று சுரண்டி முடித்ததும், உள்ளே இறங்கியவர்கள் எல்லோரும் ஏறி வந்து அவரவர் பூட்டைக் கழற்றினார்கள். அதன் பிறகும் சுவிட்சில் அந்த நீலப் பூட்டு தொங்கியது.

"எவனோ வெளையாடுறான்ணே. வெட்டிடவா?" என்று கேட்டான், கூட வேலை செய்யும் ஹம்தி.

"கைய வைக்காத. உள்ள ஆள் இருக்கான்."

"டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன். காலியாத்தான் கெடக்கு."

லஸ்ஹர் இயந்திரத்தின் வாயில் குனிந்தார். "ஏறி வாடா. வாங்கி வச்ச லப்லாபி சூப்பு ஆறிப்போச்சு. அம்மாகிட்ட நான் என்னடா சொல்றது?"

உள்ளேயிருந்து வெள்ளைத் தூசி கொஞ்சம் எழும்பி அடங்கியது. யாரும் ஏறி வரவில்லை.

"பூட்டு போயிடுச்சுண்ணே," என்றான் ஹம்தி மெதுவாக. "இனி ஓட்டலாம்."

லஸ்ஹர் நிமிர்ந்து பார்த்தார். சுவிட்சில் ஒரு பூட்டும் இல்லை, அன்றைக்குப் போலவே.