இடக்கை எழுத்து

“கணக்கு வகுப்பைப் பத்தி மனசுல இருக்கறத நாலு வரி எழுதுங்க. பேர் போட வேண்டாம்” என்று எட்டாம் வகுப்பில் சொல்லியிருந்தேன். ஆசிரியர் அறையில் தாள்களைப் பிரித்தால் எல்லாமே கோணல் எழுத்து. நான் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று அத்தனை பேரும் இடக்கையால் எழுதியிருந்தார்கள். சிரிப்பு வந்தது, கடைசித் தாள்வரை.

‘நாளைக்குக் கணக்குப் பரீட்சைக்கு வர மாட்டேன். இன்னைக்கு வீட்டுக்கும் போக மாட்டேன். தேடாதீங்க.’

வகுப்புக்கு ஓடினேன்.

“இது யாருடா எழுதினது? அடிக்க மாட்டேன், சொல்லுங்கப்பா.”

“நான் இல்ல சார்.”

“நானும் இல்ல சார்.”

“சத்தியமா அடிக்க மாட்டேன்.”

“போன வாரமும் இப்படித்தான் சார் சொன்னீங்க” என்றாள் முன்பெஞ்சு நஸ்ரின்.

வீட்டுக்குப் போகும் மணி அடித்தது. கதவை மறித்து நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லா முகமும் ஒன்றுபோலப் பயந்திருந்தது.