இரவல் நாக்கு

மூன்றாவது கரண்டியை வாயில் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டாள் மனைவி. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி எதிரே நின்றுகொண்டிருந்தார் சமையல் மாஸ்டர்.

"சொல்லேன், மூணுல எது?"

அவள் கண்ணைத் திறந்தாள். மேசையில் இருந்த கறி பேஸ்ட் பாட்டில்களைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தாள். "நீங்க எதை நினைச்சீங்க?"

"நான் என்னத்த நினைக்கிறது? பார்வைக்கு அந்த மஞ்சள் மூடி பாட்டில்தான் நல்லாருக்கு. எண்ணெய் பளபளன்னு மேல நிக்குது."

"அதேதாங்க. எலுமிச்சைப்புல் வாசம் தூக்கலா இருக்கு. மத்த ரெண்டும் வெறும் பச்சை மிளகா."

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு காலத்தில் கடை பேஸ்ட் என்றாலே அவருக்கு இளக்காரம். தாய்லாந்து கிரீன் கறிக்குத் தன் கையால் இடித்த விழுதுதான். "பாட்டில் வாங்குறவன் சமையல்காரன் இல்லடா, மூடி திறக்கிறவன்" என்று ஹோட்டல் பையன்களை வாரிக்கொண்டே இருப்பார்.

எல்லாம் அந்தக் காய்ச்சல் வரைக்கும்தான். புருஷன், பெண்டாட்டி இருவரையும் சேர்த்துப் படுக்கையில் போட்டுப் புரட்டிய காய்ச்சல், போகும்போது மாஸ்டரின் ருசியையும் வாசனையையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. "வரலாம், வராமலும் போகலாம்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

இருந்த வேலை போயிற்று. அடுத்தடுத்துச் சேர்ந்த இடங்களிலும் குட்டு உடைந்தது. இன்று மத்தியானம் ஒரு புது ஹோட்டலில் கிரீன் கறி செய்து காட்டவேண்டும். முதலாளிக்குப் பிடித்தால் வேலை. இதுவும் கைவிட்டுப் போனால் இந்த ஊரில் அவரை அடுப்பருகே யாரும் விடமாட்டார்கள்.

நாக்கு செத்தவனுக்குக் கடை பேஸ்ட்தான் கதி என்று கடைசியில் அவரே இறங்கி வந்துவிட்டார். அதற்கு எப்போதும் ஒரே ருசி. எந்த பாட்டில் என்பதை மட்டும் இரவல் நாக்கு ஒன்று சொல்லிவிட்டால் போதும்.

ஒத்திகை ஆரம்பமானது. கெட்டித் தேங்காய்ப்பாலைக் காயவிட்டு, எண்ணெய் பிரிந்ததும் பேஸ்டைப் போட்டு வதக்கினார். கோழித்துண்டு, மீதிப் பால், கொஞ்சம் வெல்லம். கடைசியில் உப்புக்கு மீன் சாஸ் இரண்டு கரண்டி. தானே விழுது இடித்த காலத்தில் ஊற்றிய அதே அளவு, கை அதை மறக்கவில்லை.

"கொஞ்சம் கிளறிக்கிட்டே இரு" என்று கரண்டியை அவளிடம் கொடுத்துவிட்டு, மேசைக்கு வந்து துளசி இலையை ஆய உட்கார்ந்தார்.

வாசல் கதவு படபடவென்று தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரி.

"உள்ள ஆள் இருக்கீங்களா இல்லையா? என்ன தீயுது? படிக்கட்டு வரைக்கும் நாத்தம் தாங்கல!"

கறிக்குப் பக்கத்து அடுப்பில் வைத்திருந்த சோறு அடிப்பிடித்துக் கரியாகிக்கொண்டிருந்தது. அவள் பதறிப்போய் அடுப்பை அணைத்தாள். "கறியையே பார்த்துக்கிட்டு நின்னுட்டேன்."

"எனக்கு மூக்குதான் போச்சு. உனக்குக் கண்ணுமா போச்சு?" என்று சிரித்தார் மாஸ்டர். அவர் சிரித்துப் பல நாளாகிவிட்டது.

கறி இறங்கியது. ஒரு கரண்டி எடுத்து ஊதி ஊதிக் குடித்தாள்.

"உப்பு?"

"கச்சிதம்."

"மனசுல ஒண்ணு வெச்சுக்கிட்டு வெளியில ஒண்ணு சொல்லாத."

"உங்க பழைய கைப்பக்குவம் அப்படியே இருக்குங்க. தைரியமா போயிட்டு வாங்க."

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. மஞ்சள் மூடி பாட்டிலைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையில் கொண்டுவந்த டப்பாவை மேசைமேல் ணங்கென்று வைத்தார்.

"முதலாளி ஒரு வாய்தான் வெச்சார். எழுந்து குழாயடிக்கு ஓடினார். 'மாஸ்டர், இது கறியா, கடல் தண்ணியா'ன்னு கேக்குறார். மொத்த சமையல்கட்டும் சிரிக்குது. மிச்சத்த நீங்களே கொண்டுபோங்கன்னு கட்டிக் குடுத்து அனுப்பிட்டாங்க."

அவள் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பேஸ்ட்லயே உப்பு இருக்காம். நான் அது மேல பழைய அளவுக்கு சாஸை ஊத்தியிருக்கேன். எனக்குத்தான் தெரியாது. நீ காலையில குடிச்சியே? அதே பாட்டில், அதே அளவு. கச்சிதம்னு சொன்ன வாய்தானே இது? இனிமே எவன் என்னைக் கூப்பிடுவான்? கட்டின புருஷனைப் படுகுழியில தள்ளிட்டியேடி!"

அவள் ஒரு தட்டில் சோறு போட்டாள். டப்பாவைத் திறந்து கறி முழுவதையும் அதன்மேல் கவிழ்த்தாள். உட்கார்ந்து, பிசைந்து, ஒவ்வொரு வாயாகச் சாப்பிட ஆரம்பித்தாள். முகம் சுளிக்கவில்லை. தண்ணீர்ச் செம்பை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மாஸ்டர் பயந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "போதும், வெச்சிடு. அவ்வளவு உப்பை எப்படி முழுங்குற?"

"அப்பவே சொல்லியிருந்தா, நீங்க அன்னிக்கே கரண்டியைக் கீழ போட்டிருப்பீங்க" என்றாள் அவள், தட்டைப் பார்த்தபடி.

"எதைச் சொல்லியிருந்தா?"

"எனக்கும் அந்தக் காய்ச்சல்லயே போயிடுச்சுங்க."