பின்கண்ணாடியில் ஒட்டிய கல்லூரி

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய முடியாது. நான்கு ஆண்டுகள் வேறொரு கல்லூரியில் படித்துப் பட்டம் பெற வேண்டும். அதன் பிறகே மருத்துவத்துக்கு விண்ணப்பம். 'இந்தப் பிள்ளை தேறும்' என்று பட்டம் படித்த கல்லூரியின் குழு பரிந்துரைத்தால்தான் விண்ணப்பத்துக்கு மதிப்பு. பட்டப் படிப்புக்கு எந்தக் கல்லூரி என்பதை மே முதல் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளை சேர்ந்த கல்லூரியின் பெயரைக் காரின் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொள்வது அங்கே பெற்றோரின் வழக்கம்.

லொரேன் தன் மகள் சேர்வதற்கு முன்பே ஒட்டிவிட்டாள்.

பென்சில்வேனியாவின் அந்த ஊரில் கல்லூரிகள் இரண்டு. மேட்டில் இருப்பது பேர்போனது; லொரேன் ஒட்டியது அதன் பெயரைத்தான். ஆற்றோரம் இருப்பதை ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாது. லொரேனின் மகள் டெஸ்ஸாவுக்கு இரண்டிலும் இடம் கிடைத்திருந்தது. வீட்டு நாய்க்குக் கட்டுப் போட்டு விளையாடிய வயதிலிருந்தே அவளுக்கு டாக்டராக வேண்டும் என்ற ஒரே நினைப்பு.

ஏப்ரல் மாதக் கடைசிச் சனிக்கிழமை, காலையில் மேட்டுக் கல்லூரியைப் பார்த்துவிட்டு மதியம் ஆற்றோரக் கல்லூரிக்குப் போவதாக ஏற்பாடு. மதியம் போவது வீண் என்பது லொரேனின் எண்ணம்.

மேட்டுக் கல்லூரியின் அரங்கில், மருத்துவம் நாடும் மாணவர்களுக்கு வழிகாட்டும் பேராசிரியர் பிரிட்சர்ட் பேசினார். தங்கள் கல்லூரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள் என்றார். அரங்கம் கைதட்டியது. லொரேன் எழுந்து நின்று தட்டினாள்.

கூட்டம் கலைந்ததும், லொரேன் பக்கத்தில் நிற்க, டெஸ்ஸா அவரை நடைவழியில் நிறுத்தி, வேதியியல் ஆய்வகத்தைப் பற்றிக் கேட்டாள். அவர் பதில் சொல்லாமல், பள்ளியில் அவள் வாங்கிய மதிப்பெண்ணைக் கேட்டார். சொன்னாள்.

"வேதியியல்ல ஏ இல்லையா, பி-யா?" அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "இந்த இடம் உனக்குச் சரிப்படாதும்மா. கீழே ஆத்தோரம் இருக்கே, அங்க போ."

அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார்.

காரில் ஏறியும் லொரேன் வண்டியைக் கிளப்பவில்லை. டெஸ்ஸா தன் தொப்பிச் சட்டையின் கழுத்துக் கயிற்று நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"போனை எடு. இப்பவே இங்க சேர்றேன்னு சொல்லிடு. நாம டாக்டராகி அந்தாள் முன்னாடி வந்து நிக்கணும்."

"நாமளா? வேதியியல் நான்தானேம்மா படிக்கணும்."

"கண்ணாடியில ஒட்டியாச்சு, டெஸ்."

"அப்ப ஸ்டிக்கருக்காக நான் சேரணுமா?"

டெஸ்ஸா போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். சாப்பிட்டுவிட்டுச் சொல்லிவிடுகிறேன் என்றாள். சாப்பாடு ஆற்றோரக் கல்லூரியில்தான் என்பதால் லொரேன் வேண்டாவெறுப்பாக வண்டியைக் கீழே விட்டாள்.

அங்கே ஹேட்டி என்ற மூன்றாம் ஆண்டு மாணவி, வந்தவர்களின் முகம் பார்த்துப் பின்னோக்கியே நடந்தபடி கல்லூரியைச் சுற்றிக் காட்டினாள். அவளும் மருத்துவத்துக்குப் போகிறவள்தான். லொரேன் எதையும் காதில் வாங்கவில்லை. உணவுக் கூடத்தில் அவர்களோடு அமர்ந்த ஹேட்டி, காலையில் எங்கே போனீர்கள் என்று கேட்டதும், லொரேன் அடக்கிவைத்ததெல்லாம் கொட்டிவிட்டது. அந்தப் பிரிட்சர்ட் மரியாதை தெரியாத மனுஷன், ஆற்றோரம் போ என்று விரட்டியவன், சின்னப் பெண்ணின் மனசை ஒடித்தவன், அவனுக்கெல்லாம் பிள்ளை இருந்தால் தெரியும் என்றெல்லாம் சொல்லித் தீர்த்தாள்.

ஹேட்டி முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "சொல்றதுக்கு முன்னாடி சுத்துமுத்தும் பார்த்தாரா?"

"பார்த்தார். ஏன்?"

"எனக்கும் வேதியியல்ல பி-தான். என்கிட்டயும் இதையேதான் சொன்னார். எங்க வீட்டுச் சமையலறையில. அவர் எங்கப்பா."

லொரேனின் வாயில் இருந்த மக்ரோனி அப்படியே நின்றது.

ஹேட்டி தணிந்த குரலில் மீதியையும் சொன்னாள். மேட்டுக் கல்லூரிக்கு டாக்டர் கனவோடு வருகிறவர்களில் பாதிப் பேருக்குமேல் குழு பரிந்துரை தருவதில்லை. வேதியியலில் சற்றுத் தடுக்கினாலும், வேறு துறை பார் என்று இரண்டாம் ஆண்டிலேயே திருப்பிவிடுவார்கள். மிஞ்சுகிறவர்கள்தான் விண்ணப்பிக்கிறார்கள். இதை அப்பாவால் மேடையில் சொல்ல முடியாது. ஆற்றோரக் கல்லூரியில் யாரையும் திருப்புவதில்லை. தடுக்கியவரைத் தூக்கி நிறுத்திப் படிக்கவைப்பார்கள்.

"அப்ப மேடையில சொன்னது பொய்யா?"

"பொய் இல்லைங்க. விண்ணப்பிக்கிறவங்கள்லன்னுதானே சொன்னார்?"

லொரேன் யோசித்துப் பார்த்தாள். அப்படித்தான் சொன்னார். அதற்குத்தான் அவள் எழுந்து நின்று கைதட்டியிருந்தாள்.

பிறகு நடந்தவை இவை. டெஸ்ஸா ஆற்றோரக் கல்லூரியில் சேர்ந்தாள். வேதியியலின் முதல் தேர்வில் சி வாங்கி அழுதாள். யாரும் அவளை வேறு துறை பார்க்கச் சொல்லவில்லை. அடுத்த தேர்வில் பி வாங்கினாள். லொரேன் சவர பிளேடால் பின்கண்ணாடியைச் சுரண்டினாள். முதல் எழுத்து மட்டும் போக மறுத்தது. மறு ஏப்ரலிலும் பிரிட்சர்ட் அதே மேடையில் ஏறித் தொண்ணூற்றைந்து என்றார்; அரங்கம் கைதட்டியது. இறங்கி வந்தவர், நடைவழியில் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வேறொரு பிள்ளையிடம் ஏதோ சொன்னார்.

அந்தப் பிள்ளையின் தாயும் அவரைத் திட்டிக்கொண்டே மேட்டிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கினாள்.