டீப்பாய் யாருக்கு?

"டிரைவர் தம்பி, அந்த டீப்பாயை எடுத்து ஆட்டோவுல ஏத்துங்க. எங்க அண்ணன் சம்பளத்துல வாங்கினது. இனிமே அது என் வீட்டுல இருக்கட்டும்."

நாத்தனாரின் குரல் கூடத்திலிருந்து படுக்கையறை வரைக்கும் கணீரென்று கேட்டது. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலைக்குத்தான் ஓய்வு, குரல் இன்னும் டூட்டியில் இருக்கிறது.

கட்டிலில் படுத்திருந்த அண்ணிக்கு ரத்தம் கொதித்தது. முந்தாநாள் வந்தவள் கூடத்துக் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு போனாள். நேற்று நடைவழியில் இருந்த பூந்தொட்டிகளையும், நீளமாக ஒயர் இழுத்து வைத்திருந்த ரேடியோவையும் அள்ளிப் போனாள். ஒருத்தி இடுப்பெலும்பு உடைந்து படுத்துவிட்டால் வீட்டையே காலி செய்துவிடுவதா?

"என்னங்க! உங்க தங்கச்சி பட்டப்பகல்ல கொள்ளையடிக்கிறா. நீங்க வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறீங்களா?"

"கூடப் பொறந்தவ கேக்குறா. நான் என்னத்தச் சொல்ல?" என்று கணவர் கையைப் பிசைந்தார். தங்கையிடம் அவர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

அண்ணி விழுந்தது ஒன்றும் பெரிய விழுதல் இல்லை. கூடத்தில் கால் தடுக்கி, உட்கார்ந்த மாதிரிதான் விழுந்தாள். அதற்கே இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. "உள்ளுக்குள்ள எலும்பு ரொம்ப மெலிஞ்சு போயிருக்கும்மா. வயசான பொம்பளைங்களுக்கு நிறைய வர்றதுதான்" என்று சொல்லி, டாக்டர் பிளேட்டும் ஸ்குரூவும் வைத்து அனுப்பினார்.

அதற்குப் பிறகுதான் தொல்லையே. பிசியோதெரபி செய்யும் பெண் தினமும் வீட்டுக்கு வந்து கெஞ்சினாள். "எழுந்து நடந்தாத்தாம்மா எலும்புக்குப் பலம். இப்படியே படுத்திருந்தா அப்புறம் எழுந்திரிக்கவே முடியாமப் போயிடும்."

"நடந்து விழுந்தா இன்னொரு பக்கமும் போயிடும். ஆளை விடு தாயே" என்று அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். வாய்தான் வீரம். பாதம் தரையில் பட்டாலே அவளுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. புது வாக்கர், துண்டு காயப்போடத்தான் பயன்பட்டது.

நாத்தனார் வரத் தொடங்கியதும் கதை மாறியது. கம்பளம் போன அன்று அண்ணி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கத்தினாள். ரேடியோ போன அன்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறைவாசல் வரைக்கும் வந்துவிட்டாள். ஆனால் இந்த டீப்பாய் அவளுடைய சொந்தக் காசு.

"அடியே! அது நான் தபால் ஆபீஸ்ல முத்திரை குத்திச் சம்பாதிச்சதுடி. உங்க அண்ணன் சம்பளத்துல ஒரு முக்காலிகூட வாங்கினதில்ல!"

"அப்படியா? பில் இருந்தா வெளிய வந்து காட்டுங்க அண்ணி!"

துண்டு ஒரு பக்கம் பறந்தது. முத்திரை குத்திய கைகள் வாக்கரை இறுக்கிப் பிடித்தன. டொக், டொக் என்று அண்ணி அறையைத் தாண்டினாள், கூடத்தைத் தாண்டினாள். கணவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

சண்டை போடுகிறவர்கள் எதிராளியின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நாத்தனாரோ டீப்பாயின் ஒரு பக்கத்தைப் பிடித்தபடி, அண்ணியின் காலையே பார்த்துக்கொண்டு பின்வாங்கினாள். அடுத்து செருப்பையும் கேட்டுவிடுவாளோ என்று ஆட்டோ டிரைவர் நினைத்துக்கொண்டார்.

"வைடி கீழ! திருடி! உனக்கு நான் எத்தனை தடவை என் கையால சமைச்சுப் போட்டிருப்பேன்!"

"அதுலயும் உப்பு ஜாஸ்தி அண்ணி! தம்பி, வண்டிய எடுங்க!"

அண்ணி கேட்டைப் பிடித்தபோது ஆட்டோ தெருமுனையில் திரும்பிவிட்டது. மூச்சு வாங்க, தெருவே கேட்கும்படி இன்னும் கொஞ்சம் திட்டினாள். கணவர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பிறகு அவர் கையைத் தட்டிவிட்டு, வாக்கரோடு தானே உள்ளே போய்ப் படுத்தாள்.

கணவர் சமையலறைக்குள் நுழைந்து, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் மெதுவாகப் போன் செய்தார்.

"கேட் வரைக்கும் வந்துட்டாம்மா! என் கண்ணையே என்னால நம்ப முடியல. ஏய், நீ எதுக்கு இப்ப அழுவுற? திருடின்னு சொன்னதுக்கா? அவ நடமாடட்டும், உன்னை அவ கால்ல... சேச்சே, அவளை உன்கிட்ட மன்னிப்புக் கேக்க வைக்கிறேன். காலு தடுக்குற சாமானெல்லாம் தீர்ந்துபோச்சு. பிசியோதெரபி பொண்ணு இன்னும் கொஞ்ச தூரம் நடக்கணும்னு சொல்லுது. நாளைக்கு எதைத் தூக்கலாம்?"

பேசிக்கொண்டே அவர் கண்ணைத் துடைத்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வீட்டுத் தரையில் அவள் நடந்த சத்தம் கேட்டிருக்கிறது.

போனை வைத்துவிட்டு, குழாயை மூடித் திரும்பியவர் அப்படியே நின்றார். சமையலறை வாசலில், யாரையும் துரத்தாமலே, வாக்கரைப் பிடித்தபடி மனைவி நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் கோபம் மருந்துக்கும் இல்லை.

"நாளைக்கு டி.வி.யைத் தூக்கச் சொல்லுங்க. தெருமுனை வரைக்கும் துரத்திட்டு வர்றேன்."