பெரிய கம்ப்யூட்டர்

நேரு வீதிக் கடையில் சேர்ந்த நாளிலிருந்து, விலை உயர்ந்த சரக்கை விற்காமலிருக்க லூர்துநாதன் பாடுபட்டது அன்றுதான்.

“படிக்கிற புள்ளைக்கு இந்தச் சின்ன கம்ப்யூட்டரே போதுங்க. வீட்டு டி.வி.யில மாட்டிக்கலாம்.”

“டி.வி.யில நாடகம் ஓடுனா புள்ள எப்படிப் படிக்கும்? அந்தப் பெருசைக் காட்டு தம்பி” என்றார் சூசை.

“அது ஆபீசுக்குத்தாங்க சரிப்படும். கரண்டு வேற இழுக்கும்.”

“இழுத்துட்டுப் போவட்டும். அதையே பேக் பண்ணு.”

லூர்துநாதன் முதலாளி பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“மாமா, கோவிச்சுக்காதீங்க. உங்க பெரிய மவனுக்கும் என் தங்கச்சிக்கும் மாதா கோயில்ல ரெண்டாவது கல்யாண ஓலையும் வாசிச்சு அறிவிச்சாச்சு. தங்கச்சிக்குப் பேசுன நகையைப் போடவே அப்பா அல்லாடிக்கிட்டிருக்காரு. இப்ப உங்க சின்ன மவன் படிப்புக்குக் கம்ப்யூட்டரையும் சீர்ல சேர்த்தா நாங்க எங்க போவோம்?”

சூசை அவனை நிமிர்ந்து பார்த்தார்.

“சின்னவனுக்கா? அவனுக்குக் காலுல ஒரு பந்து இருந்தா போதும்.”

சட்டைப் பையிலிருந்து பணக்கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“பில்லுல ஆனந்தமேரின்னு உன் தங்கச்சி பேரை எழுது. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நாங்க என்னென்னமோ கேட்டோம். அந்தப் புள்ள ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுது, கல்யாணத்துக்கப்புறமும் காலேஜுக்குப் போவணும்னு.”